சிவப்பு நூல் கட்டிய தக்காளி

என் அம்மா அசுந்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, சித்தி வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்க்கப் போய்த்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் பேசில் துளசிச் செடிகள் எவ்வளவு உயரம் வந்திருக்கின்றன என்று பார்த்திருக்கிறாள். வாளி சறுக்கிவிட்டது. மழையில் வழுக்கி விழுந்ததாக ஊரெல்லாம் சொன்னோம். அந்த மாதம் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை என்பது ஊருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து ஜன்னல் வழியாகத் தோட்டம் முழுக்கத் தெரியும். அதற்காகவே அந்த அறையைக் கேட்டு வாங்கினாள். அண்ணன் ரோக்கோ பிரிஸ்பேனில் இருக்கிறான். அவனுக்கு எப்போதும் தலைக்குமேல் வேலை. ஆகவே மெல்பர்னிலிருந்து நான் வந்தேன். மகளைப் பெற்று வைப்பதே இதற்குத்தானே.

ஏப்ரல் கடைசி, ஆஸ்திரேலியாவில் கோடை போய்க் குளிர் இறங்கும் காலம். காலையில் பார்த்தால் பஃபலோ மலை உச்சியில் வெள்ளை விழுந்திருந்தது. மத்தியானத்துக்குள் காற்று நின்றுவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அம்மா தலையணையில் சாய்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ராத்திரி உறைபனி விழும்," என்றாள்.

"நாளைக்குன்னுதானே ரேடியோல சொன்னாங்க?"

"ரேடியோக்காரன் என்ன நம்ம மிர்ட்டில்ஃபோர்ட்லயா உக்காந்திருக்கான்? புகை நேரா மேல போகுது பாரு. எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்தாகணும்."

"நான் எடுக்கறேன்."

"நீயா?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பறிக்கிறதுக்குப் பேசாம பனியே பறிச்சுக்கிட்டுப் போகட்டும்."

ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரக் கூடாது. வந்தது. ஆனால் அவள் பயமெல்லாம் மற்ற செடிகளுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். தோட்டம் முழுக்க இருக்கும் தக்காளி நர்சரியில் வாங்கிய நாற்று. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், போனாலும் போகட்டும். அவள் கண் இருந்தது புகைபோக்கிச் சுவரோரம் நின்ற மூன்று செடிகள்மேல். அவற்றில் ஆறு பழங்கள், ஒவ்வொன்றின் காம்பிலும் சிவப்புக் கம்பளி நூல்.

அதை வீட்டில் மாமியார் தக்காளி என்போம். இத்தாலியில், கலாப்ரியாவில், எங்கள் அப்பாவைப் பெற்றவள், மூத்த மருமகளான என் அம்மா கப்பலேறும்போது, புனித ரோக்கோ படத்தின் பின்னால் விதையை ஒட்டிக் கொடுத்தனுப்பியது. பழம் ஒன்று இரண்டு கை கொள்ளும். வெட்டினால் தண்ணீர் ஓடாது, சதை மட்டும்தான். மூத்த மகனின் மனைவிக்கு மட்டும் விதை போக வேண்டும், வேறு யாருக்கும் கூடாது என்பது அந்த அம்மாளின் கட்டளை. கட்டளை போட்டவள் செத்து, அந்த ஊரும் காலியாகி, அங்கே இப்போது ஆடு மேய்கிறது. என் அம்மா மட்டும் கட்டளையை விடவில்லை.

விடாதது மட்டுமா. பழத்தை யாருக்காவது கொடுத்தால் வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, விதையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். வெட்டிய தோலையும் விதையையும் குப்பையில் போட மாட்டாள், அடுப்பில் போடுவாள். பழம் தரையில் உதிர விட மாட்டாள்; உதிர்ந்தால் அங்கேயே முளைக்குமாம், யாராவது பிடுங்கிக்கொண்டு போவார்களாம். வசந்தத்தில் நாற்று தலை நீட்டியதும் மிச்சமிருக்கும் விதையைக்கூட அடுப்பில் கொட்டிவிடுவாள். "வெச்சிருந்தா திருடத்தான் ஆள் வரும்," என்பாள். எனக்குக் கல்யாணமாகிச் சொந்தத் தோட்டம் போட்டபோது ஒரு சிட்டிகை விதை கேட்டேன். "நீ வேற வீட்டுக்குப் போனவ," என்று சொல்லி, உரித்த பழத்தை ஜாடியில் அடைத்துக் கொடுத்தாள். இப்போதைய மூத்த மருமகள், ரோக்கோவின் மனைவி கெய்லி, பாஸ்தாவுக்குக் கடையில் விற்கும் சாஸை ஊற்றிச் சாப்பிடுகிறவள். இருந்தாலும் விதை அவளுக்குத்தான் போக வேண்டும்.

ஆக, உலகத்தில் அந்தத் தக்காளிக்கு மிச்சம் இருந்தது அந்த ஆறு பழம்தான். பழம் கோடை முழுவதையும் பார்த்து, தானே உதிரும் பக்குவத்துக்கு வந்த பிறகே விதைக்கு எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். மற்றவர்கள் பிப்ரவரியிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். இவள் மாத்திரம் உறைபனியோடு பந்தயம் கட்டுவாள். வருஷா வருஷம் ஜெயித்தும் வந்திருக்கிறாள். இந்த வருஷம் படுக்கையில் கிடக்கிறாள்.

"போய் அவளைக் கூப்பிடு," என்றாள் கடைசியில்.

அவள் என்றால் நுன்சியா சித்தி. அப்பாவின் தம்பி பஸ்குவாலேயின் மனைவி, அம்மாவுக்கு ஓர்ப்படியாள். அண்ணனும் தம்பியும் புகையிலை போட்டுச் சம்பாதித்து அடுத்தடுத்துக் கட்டிய வீடுகள். இரண்டு ஆண்களும் போய்விட்டார்கள், வேலியும் இரண்டு பெண்களும் மிச்சம். சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. சின்ன உருவம், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், எதைச் சொன்னாலும் "சரி அக்கா".

"கூப்பிட்டேன்னு சொல்லாத," என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "சும்மா உக்காந்திருந்தா வரச்சொன்னேன்னு சொல்லு."

"இடுப்பு உடைஞ்சாலும் இந்த வாய் உடையலியே."

"உடைஞ்சா உனக்குத்தான் கொண்டாட்டம். போ."

சித்தி மேல்சட்டையின்மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உடனே வந்துவிட்டாள். கையில் கத்தரிக்கோல், சணல் கயிறு, பழைய பெட்டிகள். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து எடுத்து வைத்திருப்பாள் போல. அம்மா ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்கச் சொன்னாள், குளிரைப் பற்றிக் கவலைப்படவில்லை. கைத்தடியால் ஜன்னல் சட்டத்தைத் தட்டித் தட்டி வேலை வாங்கினாள்.

"பேசில் முதல்ல. அது ஒரு மூச்சுக் குளிரைக்கூடத் தாங்காது, கறுத்துப்போயிடும். தண்டோட வெட்டு. ஏய், அந்தத் தண்டை ஏன் அப்படிப் பிடிக்கிற, கழுத்தை நெரிக்கிற மாதிரி?"

"சரி அக்கா."

"பார்ஸ்லியைத் தொடாத. அது பனியில நிக்கும். ரோஸ்மேரிக்கும் ஒண்ணும் ஆகாது. ஓரிகானோ மிச்சத்தைக் கட்டிப் போடு. மிளகாயைச் செடியோட பிடுங்கு."

நான் பெட்டிகளைத் தூக்கினேன். சிவந்த தக்காளி ஒரு பெட்டியில். நிறம் மாறத் தொடங்கியதை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, துணி துவைக்கும் அறையில் அடுக்குவோம். அது குளிர்காலத்தில் மெதுவாகப் பழுக்கும். கல் மாதிரிப் பச்சையாக இருப்பது வினிகருக்கு. காய் நிறைய இருந்த செடிகளைச் சித்தி வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் கொடுத்தாள், நான் கராஜ் உத்திரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். சித்தியின் விரல்கள் தக்காளிச் சாறு ஏறிக் கரும்பச்சையாகிவிட்டன. ஒருமுறைகூட நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"பாரு சவேரியா, எப்படிப் பிடுங்குறா," என்று அம்மா என்னிடம், சித்தியின் காதில் விழும்படியாகவே சொன்னாள். "அவ கை பட்டா பிளாஸ்டிக் செடிகூட வாடிப்போகும். என்ன பண்ண, எனக்கு வேற வழியில்ல."

"அம்மா, அவங்க நமக்காகத்தான் செய்யறாங்க."

"பொய்யா சொல்றேன்? அவ புருஷனே சொன்னதுதானே."

சித்தி அடுத்த செடிக்குப் போய்விட்டாள். அந்தக் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். பஸ்குவாலே சித்தப்பாவுக்கு நுரையீரல் போய், இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட வருஷம். "எங்கம்மா தக்காளி ஒரு தடவை என் மண்ணுல முளைக்கணும். எனக்கும் அவதானே அம்மா," என்று சொன்னாராம். சித்தி வந்து என் அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஒரு தட்டு நிறையப் பழம் கொடுத்தாள். தோலோடு, முழுசாக. சித்தி அம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். விதையை எடுத்து, காயவைத்து, ஆகஸ்டில் போட்டாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. சித்தப்பா தினமும் நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "உனக்குக் கைராசி இல்லடி. எங்கம்மா விதையைக்கூடக் கொன்னுட்டே." கிறிஸ்துமஸுக்கு முன்னால் செத்துப்போனார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சில வருஷம் கழித்து, தக்காளி சாஸ் காய்ச்சும் நாளில், இரண்டு கிளாஸ் ஒயின் உள்ளே போனதும் அம்மாவே மேசையில் உடைத்தாள். "அந்தப் பழத்தை நான் வெந்நீர்ல குளிப்பாட்டித்தானே குடுத்தேன்! கொதிக்க விடக் கூடாது, தோல் வெடிச்சுடும். கை வைக்க முடியாத சூட்ல போட்டு, ரொம்ப நேரம் மூடி வைக்கணும். வெளிய பாத்தா புதுமாப்பிள்ள, உள்ள பொணம்." மேசை முழுக்கச் சிரித்தது. சித்தி அந்த நேரம் அரைக்கிற மெஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைப்பிடி நிற்கவில்லை. அன்றிலிருந்து அது குடும்பத்தில் ஒரு தமாஷ். யாராவது வெந்நீர் வைத்தால் "யாரைக் குளிப்பாட்டப் போற?" என்று கேட்பார்கள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கப் போகும் நேரத்தில் சித்தி புகைபோக்கிச் சுவருக்கு வந்தாள். அம்மா படுக்கையில் முடிந்த மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மூன்று செடியிலும் வேறு காயே கிடையாது. பலமெல்லாம் ஆறு பழத்துக்கே போகட்டும் என்று பூவையெல்லாம் அம்மா கோடையிலேயே கிள்ளிவிட்டிருந்தாள்.

"காம்போட வெட்டு. நூலை அவுக்காத. ஒண்ணு… ரெண்டு… அதை அமுக்காதடி, அது என்ன உன் மாவா?"

ஆறும் ஏப்ரனில் வந்துவிட்டது.

"நேரா இங்க கொண்டா."

"ஒரே மண்ணா இருக்கு அக்கா. உங்க படுக்கையெல்லாம் அழுக்காகும். கழுவிக் கொண்டாரேன்."

அம்மா யோசித்தாள். அந்த நேரம் பார்த்து அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் பெண் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். தினமும் வந்து தையல் போட்ட இடத்தைச் சுத்தம் செய்து, அம்மாவை எழுப்பி நிற்கவைத்து, நாலு அடி நடக்கவைக்க வேண்டும். அம்மா அவளோடு சண்டை போட வேண்டும். இரண்டும் முடிய வெகுநேரம் ஆகும். நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"சவேரியா," என்று அம்மா திரைக்குள்ளிருந்து கத்தினாள். "நீ அவகூடப் போய் நில்லு. வாயில ரெண்டு விதையைப் போட்டுக்கிட்டுப் போயிடுவா."

நான் சமையலறைக்குப் போனபோது ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அடுப்பில் பெரிய பாத்திரம், மூடி போட்டு, தீயைக் குறைத்து வைத்திருந்தது. சித்தி மேசையில் பேசில் இலைகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எதுக்கு சித்தி, பாஸ்தாவுக்கா?"

"கை மரத்துப்போச்சும்மா. கொஞ்சம் சூட்ல வைக்கலாம்னு."

மரத்துப்போய்த்தான் இருக்கும். நானும் உட்கார்ந்தேன். ஜாடியில் ஒரு அடுக்கு இலை, ஒரு சிட்டிகை உப்பு, மறுபடி இலை, மேலே எண்ணெய். சமையலறை முழுக்க பேசில் வாசனை. சித்தி தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"உனக்கு வேணாமா சவேரி, அந்த விதை?"

"கேட்டுப் பாத்தாச்சு. வேற வீட்டுக்குப் போனவளாம் நான்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்றாள். "வெளி ஆளுங்க."

நடுவில் நர்ஸ் கூப்பிட்டாள். அம்மாவைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டுமாம். போய்ப் பிடித்தேன், இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். திரும்பி வந்தபோது பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆறு பழமும் துண்டின்மேல் துடைத்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சித்தி அதை மூடினாள். கை இரண்டும் அவளுக்குச் சிவந்திருந்தன.

நர்ஸ் போனதும் தட்டை அம்மாவிடம் கொண்டுபோனோம். அம்மா ஒவ்வொரு பழமாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐஸா இருக்கே."

"வெளிய அவ்வளவு குளிர் அக்கா."

மோந்து பார்த்தாள். கட்டை விரலால் லேசாக அமுக்கினாள். அது உள்ளே போனது. "நல்லாக் கனிஞ்சிருக்கு," என்றாள் திருப்தியாக. முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை அவள் எனக்கோ ரோக்கோவுக்கோ ஒருநாளும் காட்டியதில்லை. பிறகு சித்தியைப் பார்த்தாள்.

"சவேரியா, அவ பையைத் தடவிப் பாரு."

"அம்மா."

"பாருன்னேன்."

நான் அசையவில்லை. சித்தியே ஏப்ரன் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். ஒரு கைக்குட்டை, ஒரு துண்டுச் சணல். சட்டைக் கையின் மடிப்பை விரித்துக் காட்டினாள்.

"நகத்தைக் காட்டு," என்றாள் அம்மா. "நகத்துக்குள்ள வெச்சுக்கிட்டுப் போறவளுங்க இருக்காளுங்க."

சித்தி பத்து விரலையும் நீட்டினாள். பச்சைக் கறை, கொஞ்சம் மண். அம்மா ஒவ்வொரு நகமாகப் பார்த்து முடித்தாள்.

"சரி. போறப்ப ஒரு கட்டு பார்ஸ்லி எடுத்துக்கோ," என்றாள். மத்தியானத்திலிருந்து உழைத்ததற்குக் கூலி, பனியில் எப்படியும் நிற்கப் போகிற பார்ஸ்லி.

"சரி அக்கா. சந்தோஷம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசல்வரை போய், "மனசுல வெச்சுக்காதீங்க சித்தி," என்றேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பார்ஸ்லிக் கட்டை ஏப்ரனில் சுற்றிக்கொண்டு வேலி ஓரமாக நடந்து போனாள்.

ராத்திரி உறைபனி விழுந்தது. காலையில் தோட்டத்தில் மிச்சம் நின்ற செடியெல்லாம் வெந்த கீரையாகக் கிடந்தன. அம்மா ஜன்னலில் அதைப் பார்த்து ரசித்துக்கொண்டே காபி குடித்தாள்.

விதை எடுக்கும் வேலையை அவள் யாரையும் தொட விடவில்லை. படுக்கையிலேயே பழத்தைப் பிழிந்து கண்ணாடி டம்ளரில் ஊறவைத்தாள். அது புளித்து மேலே வெள்ளை ஏடு படிய, அறை முழுக்க நாறியது; அவளோ மகிழ்ந்துபோய் மோந்து பார்த்தாள். அலசி, தட்டில் காயவைத்து, காகிதத்தில் மடித்து, தலைமாட்டில் மாட்டிய புனித ரோக்கோ படத்தின் பின்னால் வைத்தாள். தோலையும் சக்கையையும் அடுப்பில் போடச் சொன்னாள். போட்டேனா என்று வாசனையைப் பிடித்துச் சரிபார்த்தாள்.

குளிர்காலம் முழுக்க நான் மெல்பர்னுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழகினாள். ஆகஸ்டில் நாற்றுத் தட்டில் மண் நிரப்பி, ஜன்னலோரம் வைத்து, பாதி விதையைப் போட்டாள். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அந்தத் தட்டுக்குத்தான் போவாள்.

சித்தியும் தினமும் வந்தாள். அம்மாவுக்கு சூப் கொண்டுவருவாள், பக்கத்து நாற்காலியில் உட்காருவாள், கைப்பின்னலை எடுப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மண்ணு சரியில்ல," என்றாள் அம்மா முதலில். என்னை வேறு மண் வாங்கிவரச் சொன்னாள். பிறகு ஹீட்டர் சரியில்லை. பிறகு நான் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டுப் பூனை. மீதி விதையையும் போட்டாள், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல். செப்டம்பர் முடிந்தது. வெளியே செர்ரி மரங்கள் பூத்துவிட்டன. கடையில் எல்லாரும் நாற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தட்டில் பாசி படர்ந்தது.

ஒருநாள் அம்மா விரலால் மண்ணைக் கிளறினாள். ஒரு விதையை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். கூழாக ஒழுகியது.

"ஏன் வரல?" என்றாள். என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. குரல் ஒரு மாதிரி சின்னதாகிவிட்டிருந்தது.

சித்தி பின்னல் ஊசியை நிறுத்தவில்லை.

"கைராசி இல்லாமப் போயிருக்கும் அக்கா," என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் அந்த ஆவி படிந்த ஜன்னலும் கவிழ்த்து வைத்த பாத்திரமும் ஞாபகத்துக்கு வந்தன.

"குளிப்பாட்டினியா?" என்றாள் அம்மா.

"ஆமா அக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். கொதிக்க விடல."

"ஆறையுமா?"

"ஆறையும்."

அம்மா நாற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், தட்டைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, ஆசை. பிச்சைக்காரியின் ஆசை.

"உனக்குன்னு ரெண்டு விதை எடுத்து வெச்சிருப்பியே," என்றாள். "எடுத்திருப்ப. எனக்குத் தெரியும். பரவால்ல நுன்சியா. இருந்தா சொல்லு. நீயே வெச்சுக்கோ. உன் தோட்டத்துலயே போடு. நான் பாத்தாப் போதும்."

சித்தி நூலைச் சுற்றி ஊசியைப் பைக்குள் வைத்தாள்.

"என் நகத்தைத்தான் பாத்தீங்களே அக்கா," என்றாள். எழுந்து நின்று, சூப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "என்கிட்ட எதுக்கு அது? முளைக்கணும்னு ஆசைப்பட்டவரு போயிட்டாரு. எனக்குக் கைராசி இல்லன்னு நினைச்சுக்கிட்டே போனாரு."

அவள் போன பிறகு அம்மா என்னைப் புகைபோக்கிச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண்டி போட்டுத் தேடச் சொன்னாள். ஒரு பழமாவது அங்கே உதிர்ந்திருக்கும், ஒரு விதையாவது தானாக முளைத்திருக்கும். நான் களை களையாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற தோட்டங்களில் தானாக முளைத்த தக்காளியைப் பிடுங்கிப் போட்டு மாளாது. எங்கள் சுவரோரம் ஒன்றுகூட இல்லை.

"நல்லாப் பாரு. ஒண்ணாவது உதிர்ந்திருக்கும்."

"நீதான் உதிரவே விடலியே அம்மா."

நடைச்சட்டத்தைப் பிடித்தபடி இருட்டும்வரை அங்கேயே நின்றாள். அடுத்த நாள் ரோக்கோவுக்குப் போன் செய்தாள். உரித்த பழத்தைத் தவிர அவன் வேறு எதைப் பார்த்தான்? இத்தாலியர் கிளப்பில் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பழம் கொடுக்காத வீடு இல்லை. விதை போன வீடும் இல்லை. ஒருத்தி மட்டும், "குளிப்பாட்டித்தானே குடுத்தே அசுந்தா," என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அம்மா போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரியில் சித்தி வேலிக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டினாள். அவள் தோட்டத்து நர்சரித் தக்காளி, வெட்டி, எண்ணெய் ஊற்றி, மேலே நாலு பேசில் இலை.

"அக்காவுக்குக் குடு," என்றாள். "தோலை உரிச்சுட்டேன். விதையையும் எடுத்துட்டேன். மெல்ல சிரமமா இருக்குமில்ல."

முகத்தில் கேலி இல்லை. வழக்கமான முகம். நான் கிண்ணத்தைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் இப்போது ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறாள். கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நீ சமையலறையிலதானே இருந்த?" என்றாள்.

"இருந்தேன்."

"அப்ப உனக்குத் தெரியும்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், தெரியாது என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். வேறு வீட்டுக்குப் போனவள் நான். ஜாடியில் அடைத்த உரித்த பழம் ஞாபகத்துக்கு வந்தது.

"உப்பு போதுமா பாரு," என்றேன்.

அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த துண்டையும் எடுத்தாள். கிண்ணத்தைக் காலி செய்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"கழுவித் திருப்பிக் குடுத்துடு," என்றாள். "காலியாக் குடுக்காத. ஒரு கட்டு பார்ஸ்லி வெச்சுக் குடு."